சோபாவும் பூனையின் மனசும்

குமார்: அக்கா, எங்கள் பூனை என்னைப் பழிவாங்குகிறது. புது சோபா வந்த அன்றே அதன்மேல் மூத்திரம் பெய்துவிட்டது.

சரோஜா: பழிவாங்கவெல்லாம் அதற்குத் தெரியாது தம்பி. பழைய சோபா எங்கே?

குமார்: தூக்கிப் போட்டாயிற்று.

சரோஜா: கன்னத்தை உரசி உரசித் தன் வாசனையைப் பூசி வைத்திருந்ததே, அதுதான் அதன் சொத்துப் பத்திரம். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதுசில் கையெழுத்துப் போட்டால் கோபிக்கிறாய்! மருத்துவரிடம் காட்டினாயா? ஆண் பூனைக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டாலும் கண்ட இடத்தில் உட்கார்ந்து முக்கும். சொட்டும் வரவில்லை என்றால் உடனே ஓட வேண்டும், உயிருக்கே ஆபத்து.

குமார்: காட்டிவிட்டேன். உடம்பில் ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை என்றார். அதனால் எதிரே உட்கார்ந்து, கண்ணோடு கண் பார்த்து ஆறுதல் சொல்கிறேன்.

சரோஜா: எவ்வளவு நேரம்?

குமார்: அது ஓடும்வரை.

சரோஜா: ஓடாமல் என்ன செய்யும்? வெறித்துப் பார்ப்பது பூனையைச் சண்டைக்குக் கூப்பிடுவது மாதிரி. கண்ணைப் பாதி மூடி மெதுவாகச் சிமிட்டு. 2020இல் இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் சோதித்துப் பார்த்ததுதான். வளர்ப்பவர் அப்படிச் சிமிட்டினால் பூனையும் திருப்பிச் சிமிட்டியது. முன்பின் தெரியாத ஆள் சிமிட்டிவிட்டுக் கையை நீட்டினால்கூடக் கிட்ட வந்தது.

குமார்: ஆனால் என்னைப் பார்த்து வாலை ஆட்டுகிறதே, அது சந்தோஷம்தானே?

சரோஜா: நாய்க்கு. பூனை வாலைப் பட்பட்டென்று அடித்தால் ‘போதும், எழுந்து போ’. வாலைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு வந்தால்தான் வணக்கம்.

குமார்: மல்லாந்து வயிற்றைக்கூடக் காட்டியது.

சரோஜா: தடவினாயா?

குமார்: (சட்டைக் கையை இறக்கிவிட்டபடி) லேசாக.

சரோஜா: உன்னை நம்பிக் காட்டியது. தொடச் சொன்னதா?

குமார்: அப்புறம் கட்டிலுக்கடியில் போய்விட்டது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

சரோஜா: ஐயோ! ஒளிய இடம் இருந்தால்தான் அதற்குப் பயம் தணியும். தானாக வரட்டும், விடு. மணல் தட்டு எங்கே வைத்திருக்கிறாய்?

குமார்: வாஷிங் மெஷின் பக்கத்தில்.

சரோஜா: தடதடவென்று அது சுற்றும்போது நீ அங்கே நிம்மதியாக உட்காருவாயா? அமைதியான மூலைக்கு மாற்று. ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப் பெட்டியும் வை.

குமார்: வீட்டில் ஒரே ஒரு பெட்டிதான் இருக்கிறது அக்கா.

சரோஜா: ஒன்று போதுமே.

குமார்: எப்படிப் போதும்? என் மனைவி நாளைக்கு ஊரிலிருந்து வருகிறாள். சோபா விஷயம் அவளுக்கு இன்னும் தெரியாது. நான் எங்கே ஒளிவது?