வன்னிக்கு நஞ்சியல் படித்த பிள்ளைகள் தேவை

நஞ்சியல், அதாவது நஞ்சுகள் உடம்பை என்ன செய்யும் என்ற படிப்பு, படித்தால் வேலை கிடைக்குமா என்று கட்டுரையில் கேட்டிருக்கிறீங்கள். நான் கிளிநொச்சியில் வயல் செய்யிற வீட்டுப் பிள்ளை. அப்பா மருந்தடிச்சிட்டு வரேக்க சேட்டின் முதுகுப் பக்கம் நனைஞ்சிருக்கும், டாங்கி ஒழுகும். அம்மா அதைத் தனி வாளியில்தான் ஊறப்போடுவா. அன்றிரவு அப்பா தலையிடி என்று சாப்பிடாமல் படுத்திடுவார். மருந்து தோலாலும் உள்ளே போகும் என்று சொல்லித்தர எங்களுக்கு ஒருவரும் இருக்கேல்லை.

இலங்கையில் 2008இல் தொடங்கி 2011க்குள் பரக்குவாட் என்ற களைக்கொல்லி மருந்தை நிறுத்தினார்கள். ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்குப் பக்கத்தில் இருந்து, எந்த வயல் மருந்தைக் குடித்தவர்கள் கூடச் சாகிறார்கள் என்று கணக்கெடுத்த ஆய்வுகள்தான் இந்த மாதிரித் தடைகளுக்குப் பலம். அதால எத்தனை வீட்டில் உயிர் தப்பியிருக்கு!

இன்னும் வேலை கிடக்கு. புடையன் பாம்பு (கண்ணாடி விரியன்) கடிக்கு இங்க ஏற்றுகிற மருந்து இந்தியப் பாம்புகளின் நஞ்சை வைத்துச் செய்தது, எங்கட பாம்புகளின் நஞ்சை வைத்து இல்லை. அலரி விதை இப்பவும் ஆளைக் கொல்லுது.

மருத்துவம் கிடைக்காட்டி நஞ்சியல் இல்லை என்று நினைக்காதேங்கோ, தம்பி தங்கச்சிமார். இரசாயனம், விவசாயம் படித்தும் இதுக்குள்ள வரலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் எங்கட கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே இருக்கு.