மாற்றுச் சான்றிதழுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள்

மணமுறிவுக்குப் பின் பிள்ளைகளின் படிப்பு சரிவது பற்றி அண்மையில் ஒரு கட்டுரை படித்தேன்; அதற்கு மனவேதனையையே கட்டுரையாளர் காரணமாகக் காட்டுகிறார். தண்டையார்பேட்டையில் ஆசிரியையாகப் பணியாற்றும் நான், கல்வியாண்டின் நடுவே பள்ளி மாற நேர்வதையும் அதே அளவு கவலைக்குரியதாகக் கருதுகிறேன். திருவொற்றியூரிலிருந்து வியாசர்பாடியில் உள்ள தாய்வீட்டுக்குப் பிள்ளையுடன் வந்துவிடும் பெண்ணிடம், தந்தையின் கையெழுத்து இல்லாமல் மாற்றுச் சான்றிதழ் தர இயலாது என்று பழைய பள்ளி கைவிரிக்க, அது இல்லாமல் சேர்க்க இயலாது என்று புதிய பள்ளி திருப்பி அனுப்ப, பிள்ளை வாரக்கணக்கில் வீட்டிலேயே முடங்கிவிடுகிறது. சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ சேர்க்கையை மறுக்கவும் தள்ளிப்போடவும் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு தெளிவாகக் கூறுகிறது. இதைத் தெரிந்துவைத்திருந்தும் அந்தத் தாயிடம் சொல்லாமல் இருப்பவர்களை நினைத்தால் எனக்குப் பொறுக்கவில்லை. அச்சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுவதால், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இதே பாதுகாப்பை அரசு அளிக்க வேண்டும்.