முதலில் பெர்மிட், கடைசியில் டென்ட்

பூஜை விடுமுறை நெருங்கினால் போதும், நாகர்கோவில் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு மலைப் பயணத் திட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும். தேக்கடி, மூணாறு, டாப்சிலிப், ஊட்டி, முதுமலை, திரும்பும் வழியில் சைலன்ட் வேலி. ஐந்து நாள். ஒரு இன்னோவா, ஏழு பேர், ஆன்லைனில் வாங்கிய இரண்டு டென்ட். இதில் மலை ஏறுவது எந்த நாள் என்று கேட்டால், "அங்க போய் பாத்துக்கலாம் மக்கா" என்று பதில் வரும்.

அங்கே போய் எதையும் பார்த்துக்கொள்ள முடியாது. தேசியப் பூங்காவோ சரணாலயமோ, பொதுச் சாலையை விட்டு உள்ளே கால் வைக்க வனத்துறை அனுமதி வேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. உள்ளே தீ மூட்டுவதும் அதே சட்டப்படி குற்றம். யூடியூபில் பார்க்கும் அமெரிக்கப் பூங்காக்களில் நம்பர் போட்ட முகாம் இடங்கள் இருக்கும். பதிவு செய்து, காரை நிறுத்தி, பக்கத்திலேயே கூடாரம் அடித்துக்கொள்ளலாம். அதைப் பார்த்துவிட்டு இங்கே டென்டோடு கிளம்பினால், செக்போஸ்டில் டிக்கியைத் திறந்து காட்டி அசடு வழியத்தான் வேண்டும். அதனால் திட்டத்தை நாம் பழகிய வரிசைக்குத் தலைகீழாகப் போட வேண்டும் என்பேன். முதலில் அனுமதி, அது கிடைக்கும் தேதிக்கு லீவு, அந்த இடத்துக்கு ஒரு வழி. டென்ட் கடைசியில். பெரும்பாலும் அது தேவையே படாது.

தேதி விஷயத்தில் மலை நமக்காக வளையாது. இரவிகுளத்தில் வரையாடு குட்டி போடும் காலம் என்று பிப்ரவரி, மார்ச்சில் பூங்காவை மூடிவிடுவார்கள். திறந்திருக்கும் மாதங்களிலும், 97 சதுர கிலோமீட்டர் பூங்காவில் நமக்குக் காட்டுவது ராஜமலைப் பக்கம் ஒரு துண்டுதான். வனத்துறை பஸ்ஸில் ஏறிப் போய், கொஞ்சம் நடந்து, வரையாட்டோடு செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். 2,695 மீட்டர் ஆனைமுடி தலைக்கு மேலே தெரியும், ஏற விடமாட்டார்கள். அது தெரியாமல் ட்ரெக்கிங் ஷூ வாங்கிக்கொண்டு போய் ஏமாந்தவர்கள் நிறைய.

தமிழ்நாட்டுப் பக்கம் பிப்ரவரி நடுவிலிருந்து தீக்காலம். 2018 மார்ச் 11 குரங்கணியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காய்ந்த புல்மலையில் தீ பிடித்து, மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. சில பேருக்கு அந்த விதிகள் தொல்லை. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அப்புறம் சாலை. விடியலில் ஆரல்வாய்மொழி தாண்டினாலும் போடிமெட்டு வளைவுகள் ஏறி மூணாறு சேர மாலையாகிவிடும். மறுநாள் டாப்சிலிப், அதற்கு மறுநாள் ஊட்டி என்றால் பகல் முழுக்க ஸ்டியரிங்தான். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஈ-பாஸ் வேறு. 2025 கோடையில் ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வாரக் கடைசியில் 8,000 என்று உயர் நீதிமன்றம் கட்டுப்படுத்தியது. முதுமலை தாண்டிப் பந்திப்பூர் வழியாக மைசூர் போகலாம் என்று நினைத்தால் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை அந்தச் சாலை மூடல். மேப்பைப் பார்த்தால் கொடைக்கானலும் மூணாறும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பேரிஜம் வழியாகப் போன பழைய சாலையை மூடி வருஷக்கணக்கு ஆகிறது. இன்றைக்கு மலையிறங்கிச் சுற்றித்தான் போக வேண்டும். ஐந்து நாளில் ஆறு பூங்கா என்பது டிரைவருக்கு மட்டும்தான் பயணம். மற்ற ஆறு பேருக்கு அது தூக்கம்.

ஒரே மலையை எடுத்துக்கொண்டு அங்கேயே தங்குங்கள். மூணாறு ஆசை என்றால் ஊரைத் தாண்டி மறையூர் வழியாகச் சின்னாறு போங்கள். மழை மறைவுப் பிரதேசம். ஈரமான தேயிலைத் தோட்டங்களிலிருந்து இறங்க இறங்க முள்காடாக மாறிவிடும். சாம்பல் மலை அணிலும் நட்சத்திர ஆமையும் இருக்கிற காடு. கேரள வனத்துறையே காட்டுக்குள் மரவீடுகளை வாடகைக்கு விடுகிறது. கூட வருபவர்கள் அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த பழங்குடி வாட்சர்கள். நீங்கள் ஆசைப்பட்ட கேம்பிங் இதுதான், கூரையோடு.

ரிசார்ட்காரர்கள் காட்டோரம் அடித்து வைத்திருக்கும் டென்ட்களை மட்டும் தொடாதீர்கள். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் அப்படி ஒரு கூடாரத்தில் தங்கிய இளம்பெண் யானை தாக்கி இறந்துபோனார். யானை வழித்தடத்தில் துணி மறைப்பு கட்டிப் பாட்டுப் போடுவதற்குப் பெயர் சாகசமாம்.

நம்ம மாவட்டத்துக்காரர்களுக்கு என் முதல் பரிந்துரை அகத்தியர்கூடம். 1,868 மீட்டர். களியக்காவிளை, நெடுமங்காடு, விதுரா வழியாகப் போனக்காடு போய்விட்டால் நடை ஆரம்பம். முதல் நாள் முழுக்க நடந்து அதிருமலை முகாம், மறுநாள் உச்சிக்கு ஏறி முகாமுக்கே திரும்பல், மூன்றாம் நாள் இறக்கம். முகாமில் பாயும் கஞ்சியும். ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் சீசன். ஆன்லைன் பதிவு திறந்ததும் இடம் தீர்ந்துவிடும். பெண்களும் போகலாம் என்று 2018-ல் கேரள உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு, அடுத்த ஜனவரியிலேயே முதல் பெண் ஏறிவிட்டார். ஆகவே "லேடீஸுக்குச் சரிப்படாது" என்று வீட்டில் கதைவிடும் அண்ணன்மார் தயவுசெய்து நிறுத்தவும்.

சாமான் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அட்டைக்கு மட்டும் தயாராகப் போங்கள். மழை விட்ட மறுநாள் ரப்பர்க் காட்டுப் பாதையில் நின்று பாருங்கள். இலை நுனியில் பின்பக்கத்தை ஒட்டிக்கொண்டு, முன்பக்கத்தை ஆட்டி ஆட்டி நம்மைத் தேடும், ஊசி கனம்கூட இருக்காது. ஷூவில் ஏறி லேஸ் துளை வழியாக உள்ளே போய் ரத்தம் குடித்து, மொச்சைக்கொட்டை அளவு ஆன பிறகுதான் நமக்குத் தெரியும். பிடித்து இழுக்கக் கூடாது. வாய் ஒட்டிய இடத்தில் நகத்தால் நெம்பித் தள்ளினால் போதும். அது ரத்தம் உறையவிடாத ஒன்றைச் சுரப்பதால் விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் ஒழுகும், பதற வேண்டாம். நெருக்கமாக நெய்த, முழங்கால் வரை வரும் காலுறையும், ஒரு துணியில் கட்டிய உப்பும் இருந்தால் சரி.

சாப்பாட்டுக்கு வெளிநாட்டு எனர்ஜி பார் எதற்கு? நம்ம வீட்டு முந்திரிக்கொத்து இருக்கிறது. வறுத்த சிறுபயறுப் பொடி, கருப்பட்டிப் பாகு, தேங்காய், எள். இரண்டு வாரம் கெடாது, பையில் நசுங்காது, ரெண்டு உருண்டை உள்ளே போனால் ஒரு ஏற்றம் தாங்கும். பிளாஸ்டிக் கவரில் மட்டும் கட்டாதீர்கள்.

இத்தனை தூரம் அலையும் நமக்கு வடக்கே தெரியும் நம்ம மலையே கண்ணில் படுவதில்லை. 402 சதுர கிலோமீட்டர் கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம் 2008-லேயே அறிவிக்கப்பட்டுவிட்டது. மூணாறு பக்கம் சின்னக்கானலில் பிடித்த அரிக்கொம்பன் யானையைப் பெரியாறு, கம்பம் என்று அலையவைத்து, 2023-ல் லாரியில் ஏற்றி மேல்கோதையாற்றில்தானே கொண்டுவந்து விட்டார்கள்? பையன்கள் போட்ட ரூட்டின் முதல் பாதியைத் திருப்பிப் போட்டு அவன் முடித்துவிட்டான், அதுவும் அரசாங்க அனுமதியோடு.

வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 பாதைகளில் காளிகேசம் - பாலமோர் பாதையும் உண்டு. ஆன்லைனில் பதிவு, கூட உள்ளூர் வழிகாட்டி. நாகர்கோவிலிலிருந்து காலையில் கிளம்பி ராத்திரி வீட்டுச் சோற்றுக்குத் திரும்பிவிடலாம். ஏழு பேரும் முதலில் இதை நடந்து பாருங்கள். யாருக்கு மூட்டு தாங்குகிறது, யார் பாதி ஏற்றத்தில் உட்கார்ந்துவிடுகிறார் என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். தாங்கியவர்கள் மட்டும் ஜனவரிக்கு அகத்தியர்கூடம் பதிவு செய்யுங்கள். டென்டை இன்னும் பிரிக்கவில்லை என்றால் ரிட்டர்ன் போட்டுவிடலாம்.