கடலோடிகளுக்குச் சிலை வேண்டாம், பெயர்கள் வேண்டும்

திருகோணமலையில் கடலில் போனவர்களுக்கு நினைவிடம் என்று பேச்செடுத்தாலே சிலை, நங்கூரம், நீரூற்று என்று படம் கீறத் தொடங்கிவிடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. முதலில் பெயர்கள் வரவேண்டும். சீருடை போட்டவர்கள் மட்டுமல்ல, கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து பலநாள் படகில் போனவரும், சல்லியிலும் மூதூரிலும் வள்ளம் தள்ளியவரும் ஒரே கல்லில், ஒரே அளவு எழுத்தில் இருக்கவேண்டும்.

1942 ஏப்ரல் 8 இரவு இந்தத் துறைமுகத்தை விட்டுப் போன ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல், மறுநாள் மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானியக் குண்டுகளில் மூழ்கியது. முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கடலோடு போன பிரித்தானியக் கடற்படையினரின் பெயர்கள் போர்ட்ஸ்மவுத், பிளிமவுத் போன்ற இடங்களின் நினைவுத்தூண்களில் வெண்கலப் பலகைகளில் இருக்கின்றன. லண்டன் டவர் ஹில்லில் வணிகக் கப்பல் மாலுமிகளுக்கு அதைவிட நல்ல ஒழுங்கு: கப்பல் வாரியாகப் பெயர், கப்பல் தலைவர் முதலில்.

நாங்களும் படகு வாரியாகத்தான் போடவேண்டும். ஒரே படகில் போன அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். அகரவரிசை இந்த ஊருக்குச் சரிவராது. தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய பெயர்களை எந்த மொழியின் வரிசையில் அடுக்குவது? படகுகளைக் காணாமற்போன திகதி வரிசையில் அடுக்குவதே நியாயம். பெயர், வீட்டார் எழுதுகிற எழுத்தில்.

மரணச் சான்றிதழைக் கட்டாயமாக்கக் கூடாது. உடல் கரை சேராத வீட்டுக்கு அது எவ்வளவு இழுபடும் என்று கரையோரத்தில் எல்லோருக்கும் தெரியும். மீனவர் சங்கப் பதிவேடு, கோயில், பள்ளிவாசல், தேவாலயம், கிராம அலுவலர் எல்லாவற்றிலும் சேர்த்த பட்டியலைச் சங்கக் கட்டடத்தில் ஒரு மாதம் ஒட்டி, வீட்டாரின் கையொப்பம் வாங்கிய பிறகே உளி வைக்கவேண்டும். கல்லில் ஒரு எழுத்துப் பிழைத்தால் அந்தப் பலகையையே மாற்றவேண்டி வரும்.

இனி உப்பு. கடற்கரைக் கொங்கிறீற்றை உள்ளிருந்தே தின்பது அதுதான். கம்பியில் துரு பிடித்தால் கம்பி பருக்கும், கொங்கிறீற்று வெடித்து உதிரும். கம்பிக்கு வெளியே 50 மில்லிமீற்றராவது கொங்கிறீற்று மூடியிருக்கவேண்டும். கடல் மணலும் உவர்த்தண்ணீரும் கலவைக்குள் வரவே கூடாது. வார்த்த கொங்கிறீற்றைக் குறைந்தது ஏழு நாள் நல்ல தண்ணீரில் ஈரமாக வைக்கவேண்டும். வெண்கலப் பலகைக்கு இரும்பு போல்ட் போட்டால் போல்ட் அரித்துப் போகும், செம்பழுப்பாக ஒழுகிக் கீழேயுள்ள பெயர்களில் கறை படியும். 316 தரத் துருவேறா எஃகு போல்ட்டே வேண்டும், வெண்கலத்துக்கும் அதற்கும் இடையில் நைலோன் வளையம். 304 தரம் மலிவுதான், ஆனால் இந்தக் காற்றில் புள்ளி விழும்.

எழுத்துப் பொறிக்கக் கருங்கல்லே நல்லது. மாபிள் மழையில் மெல்ல மெல்லக் கரையும். பொன்வண்ணம் பூசி முடிப்பதை நம்பவே வேண்டாம், உரிந்துபோகும். எழுத்தை V வடிவில் மூன்று மில்லிமீற்றராவது ஆழமாக வெட்டினால், வண்ணம் போனாலும் சாய்ந்த வெயிலில் நிழல் விழுந்து வாசிக்கலாம். கண் மங்கிய தாயும் விரலால் தடவி மகனின் பெயரை அறிவாள். அதனால் பெயர்கள் தரையிலிருந்து 60 முதல் 150 சென்றிமீற்றருக்குள், அவள் கைக்கெட்டும் உயரத்தில் வரட்டும்.

வாடைக்காற்று ஓய்ந்ததும் கல்லைக் கழுவ நல்ல தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். மேசன்மார் கொண்டுவரும் அசிட்டைக் கிட்டவும் விடக்கூடாது.

இனிச் சேரவேண்டி வரும் பெயர்களுக்காக மூன்றில் ஒரு பங்கு கல்லை வெறுமையாக விடவேண்டும். அதே பாறையில் அறுத்த இரண்டு பலகைகளை மேலதிகமாக இப்போதே வாங்கி, நிமிர்த்தி வைத்துப் பாதுகாக்கவேண்டும். பிறகு தேடினால் அந்த நிறம் கிடைக்காது.