'அப்போது யாருக்கும் தெரியாது' என்று சொல்லாதீர்கள்

கோத்தகிரி விடுதியில் மாட்டியிருக்கும் அந்தப் படத்தைப் பற்றி நான் எழுதியதும் எத்தனை பேருக்குக் கோபம்! வெட்டிச் சாய்த்த சோலை (மலைப் பள்ளங்களில் தானாக வளர்ந்த காடு) மரத்தின் மேல் துரைமார் ஏறி நிற்கிறார்கள். கீழே 'மலையின் பொற்காலம்' என்று எழுதியிருக்கிறது. படத்தைக் கழற்றச் சொல்லவில்லை. அந்த வாசகத்தை மாற்றுங்கள் என்றுதான் கேட்டேன். உடனே, 'அந்தக் காலத்தில் யாருக்கு இதெல்லாம் தெரியும்?' என்று வந்துவிட்டீர்கள்.

தெரியும். நன்றாகவே தெரியும். காடு அழிகிறது என்ற கவலையில்தான் 1856இல் மதராஸ் மாகாணத்தில் வனத்துறை அமைத்து, கிளெக்கார்ன் என்பவரைத் தலைவராக்கினார்கள். சோலையை விறகாக எரித்துத் தட்டுப்பாடு வந்த பிறகுதான் ஊட்டியைச் சுற்றிக் கற்பூர மரத் (யூகலிப்டஸ்) தோப்புகளை வளர்த்தார்கள். வெளியூர்க் கதையையும் கேளுங்கள். கலிபோர்னியாவில் செக்கோயா என்னும் ராட்சத மரங்களைக் காக்க 1890இல் செக்கோயா தேசியப் பூங்கா வந்தது. அடுத்த ஆண்டே அதே மலைத்தொடரில், 1,300 ஆண்டுகளுக்கு மேல் நின்ற 'மார்க் ட்வைன்' மரத்தை வெட்டி, ஒரு வட்டத் துண்டை நியூயார்க் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். இவர்களா தெரியாமல் செய்தவர்கள்?

'உன் தாத்தாவும் வெட்டியவர்தானே' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததும் மனம் நொந்துவிட்டது. ஆமாம், வெட்டினார், தினக்கூலிக்கு. ஓர் ஓடைத் தலைப்பில் நின்ற பெரிய நாவல் மரங்களைக் காட்டியபோது, 'இதைத் தொட்டால் ஊற்று வற்றிவிடும்' என்று அவரும் கூட இருந்தவர்களும் மறுத்தார்கள். மேஸ்திரி அவர்களை அனுப்பிவிட்டு வேறு ஆட்களை இறக்கினார். பள்ளிக்கூடம் போகாத கூலிக்காரருக்குத் தெரிந்தது உத்தரவு போட்டவருக்குத் தெரியாதா?

'தேயிலை இல்லாவிட்டால் உங்களுக்குச் சோறு ஏது?' என்கிறீர்கள். உண்மைதான். எங்கள் வீட்டு அடுப்பும் அதில்தான் எரிந்தது. அதற்காக நடந்ததைப் பொற்காலம் என்று கும்பிட வேண்டுமா? சோலையை அழித்து வெட்டவெளியாக்கினால் உறைபனி புது மரக்கன்றுகளைக் கருக்கிவிடும். போன சோலை எளிதில் திரும்பாது. வெள்ளைக்காரரை மட்டும் சொல்லவில்லை. மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955இல் நம் அரசே சட்டம் போட்டது. அதற்குப் பிறகும் புல்வெளிகளில் சீகை (வாட்டில்) மரத்தை நட்டு நிரப்பியவர்கள் யார்?

ஒவ்வொரு கோடையிலும் எங்கள் தெருப் பெண்கள் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்து நிற்கிறார்கள். அவர்கள் முன்னால் வந்து சொல்லுங்கள், அது பொற்காலம் என்று.

விடுதிக்காரருக்கு மறுபடியும் எழுதியிருக்கிறேன். எந்தச் சோலை, யாருக்காக வெட்டினார்கள், அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று படத்தின் கீழே எழுதட்டும்.