வெளுத்த பவளம் செத்த பவளம் அல்ல

"மன்னார் வளைகுடாவில் வெள்ளையாகிவிட்ட பவளமெல்லாம் செத்துவிட்டது, எடுத்து மீன் தொட்டியில் வைக்கலாம், தடையில்லை" என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

பவளம் கடலடியில் கூட்டமாக வாழும் ஓர் உயிரினம். கடல் சூடேறினால், தன் திசுவில் குடியிருந்து உணவூட்டும் நுண்பாசியைப் பவளம் வெளியேற்றிவிடும். நிறம் போகும், உயிர் போகாது. கண்ணாடி போன்ற திசு வழியே வெள்ளைச் சுண்ணாம்புக்கூடு தெரியும், அவ்வளவுதான். சில வாரங்களில் சூடு தணிந்தால் பாசி திரும்பும். நீடித்தால்தான் பட்டினியில் சாகும். செத்ததற்கு அடையாளம் வேறு: கூட்டின்மேல் பச்சையும் பழுப்புமாக இழைப்பாசி படரும். 'பளிச்' வெள்ளை பெரும்பாலும் இன்னும் போராடிக்கொண்டிருப்பதுதான்.

செத்ததையும் எடுக்கக் கூடாது. சுண்ணாம்புக்கூடு கட்டும் கடினப் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் உள்ளன. சட்டத்தை 'இந்தியா கோட்' அரசுத் தளத்தில் படிக்கலாம். கடல் வெப்ப நிலவரத்தை அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவாவின் பவளக் கண்காணிப்புத் தளம் நாள்தோறும் காட்டுகிறது. பவளத்தை எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு: சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டிய காலத்துக்குப் பின் மன்னார் வளைகுடாவின் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி தீவுகள் நீரில் மூழ்கின.

அந்தச் செய்தி வந்தால் அனுப்பியவருக்கே இதைச் சொல்லுங்கள். மேற்கொண்டு பகிர வேண்டாம்.