ஒற்றுமைக்குப் பின் பந்தியா, பந்தியிலிருந்து ஒற்றுமையா?

இயேசு தம் கடைசி இரவில் சீடர்களோடு உண்ட இராப்போஜனத்தை நினைவுகூர்ந்து, அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து கிறிஸ்தவ ஒற்றுமையின் அடையாளம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது அந்த ஒற்றுமையின் ஊற்று என்றே நான் நம்புகிறேன். ஏற்கெனவே மனம் ஒத்தவர்கள் கூடி மகிழ வைக்கப்பட்ட பந்தி என்றால், முதல் பந்தியே நடந்திருக்காது. அந்த இரவில் உடனிருந்தவர்களில் ஒருவன் காட்டிக்கொடுக்க இருந்தான், ஒருவன் மறுதலிக்க இருந்தான், தங்களில் யார் பெரியவன் என்ற வாக்குவாதமும் அதே இடத்தில் எழுந்தது என்று லூக்கா எழுதுகிறார். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் அப்பம் பிட்டுக் கொடுக்கப்பட்டது.

நம் சபைகளில் திருவிருந்தின்போது பெரும்பாலும் வாசிக்கப்படுவது 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரத்தின் 23ஆம் வசனத்திலிருந்துதான். அதற்கு முன்னுள்ள ஆறு வசனங்களைப் பலர் கேட்டதே இல்லை. பவுல் அங்கே கொரிந்து சபையாரைக் கடுமையாகக் கண்டிக்கிறார்: வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டுவிடுகிறார்கள், ஒருவன் பசியாய் இருக்கையில் இன்னொருவன் குடித்து வெறித்திருக்கிறான், இல்லாதவர்கள் வெட்கப்படுத்தப்படுகிறார்கள், ஆகவே நீங்கள் உண்பது கர்த்தருடைய இராப்போஜனமே அல்ல என்கிறார். அப்பத்தையும் பாத்திரத்தையும் பற்றி நாம் மனப்பாடமாக அறிந்திருக்கும் வார்த்தைகள் இந்தக் கண்டனத்திற்கு ஆதாரமாகவே வருகின்றன. அவர் பேசுகிற பிரிவினை முதலாவது உபதேசப் பிரிவினை அல்ல. யார் முன்னால் உண்பது, யார் பின்னால் உண்பது என்கிற பிரிவினை.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பழைய மிஷன் சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்காருவதும், உயர்வாகக் கருதப்பட்டவர்கள் முதலிலும் மற்றவர்கள் பின்னாலும் நற்கருணை (திருவிருந்து) பெறுவதும் நெடுங்காலம் வழக்கமாக இருந்தன. 1833ல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனே முற்றாகக் கைவிடப்பட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். விசுவாச அறிக்கையில் எந்த மாற்றமும் இல்லாதபோதும், ஒரே பந்தியில் சமமாக நிற்க வேண்டியதைத் தாங்க முடியாமல் போனவர்கள் அவர்கள். இந்தப் பந்தி எவ்வளவு கூர்மையான கேள்வியை நம்மிடம் கேட்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

மறுபக்கம், இதே மண்ணில் நடந்த ஒரு பெரிய காரியத்தையும் நாம் மறக்கலாகாது. 1919ல் தரங்கம்பாடியில், பெரும்பாலும் இந்தியரான ஊழியர் சிலர் கூடி, தாங்கள் உண்டாக்காத மேல்நாட்டுப் பிரிவினைகளைத் தாங்கள் தொடர விரும்பவில்லை என்று அறிக்கை வெளியிட்டார்கள். அவர்களுள் முக்கியமானவர், திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்து ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான வி.எஸ். அசரியா. சபைகளை இணைக்கும் பேச்சுவார்த்தை 28 ஆண்டுகள் நீண்டது. பெரிய முட்டுக்கட்டை, பேராயரால் அபிஷேகம் பெறாத போதகர் நடத்தும் திருவிருந்தை ஆங்கிலிக்கன் விசுவாசி ஏற்கலாமா என்பதுதான். இறுதியில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை (பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் முன்பே இணைந்து உருவானது) ஆகியவற்றின் போதகர்கள் யாருக்கும் மறு அபிஷேகம் இல்லை, எல்லோரும் அப்படியே ஊழியர்களாக ஏற்கப்படுவார்கள், இனிவரும் அபிஷேகங்களைப் பேராயர்கள் செய்வார்கள், ஊழிய அமைப்பு ஒரே சீராவதற்கு 30 ஆண்டுகள் பொறுத்திருக்கலாம் என்று முடிவு செய்து, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபையாக இணைந்தார்கள். அசரியா அதைக் காணவில்லை, 1945லேயே மறைந்துவிட்டார்.

நான் வியப்பது அந்த 30 ஆண்டுக் காலத்தைத்தான். எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டுப் பந்தியில் அமர்வோம் என்று அவர்கள் சொல்லவில்லை. முதலில் அமர்வோம், சேர்ந்து உண்ணும்போது மீதி சரியாகும் என்று நம்பினார்கள். அதற்கு விலையும் கொடுத்தார்கள். 1948ல் கூடிய, உலக ஆங்கிலிக்கன் பேராயர்களின் லாம்பெத் மாநாடு புதிய சபைக்கு முழு ஐக்கியத்தை வழங்கவில்லை. அது கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. பக்கத்து ஊர் மெதடிஸ்டோடு அப்பம் பகிர்வதற்காக, ஆங்கிலிக்கன் விசுவாசிகள் தங்களைப் பெற்ற சபையோடிருந்த முழு உறவையே பணயம் வைத்தார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபையும் ஆர்த்தடாக்ஸ் சபைகளும், விசுவாசத்தில் முழு இணக்கம் வந்த பின்பே பொதுவான நற்கருணை என்கின்றன. அந்த நிலைப்பாட்டில் அலட்சியம் இல்லை, நற்கருணை மீதுள்ள ஆழ்ந்த பயபக்தி இருக்கிறது, அதை மதிக்கிறேன். ஆனாலும், பசித்தவனிடம் முதலில் குணமாகு, பிறகு உணவு தருகிறேன் என்று சொல்வது போல் அது எனக்குப் படுகிறது.

தென்னிந்தியத் திருச்சபையின் புதிய திருவிருந்து முறைமை 1950ல் மதுரையில் கூடிய சினாடில் (திருச்சபையின் பொதுப் பேரவையில்) முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. கேரளத்துச் சிரியன் சபைகளிலிருந்து பெற்ற சமாதானம் வழங்குதல் அதில் சேர்க்கப்பட்டது. ஒருவர் தம் வலது உள்ளங்கையை மற்றவரின் வலது உள்ளங்கையோடு சேர்க்க, இருவரும் இடது கையால் எதிரிலிருப்பவரின் வலக்கையை மூடிக்கொண்டு, அந்தச் சமாதானத்தை அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். தொடுவதற்கே தடை இருந்த சமுதாயத்தில், அப்பத்தை வாங்கும் முன் பக்கத்திலிருப்பவரின் கையைத் தொடச் சொன்ன அந்த ஒழுங்கு பெரியது. இன்று பல ஆலயங்களில் இருந்த இடத்திலிருந்தே கும்பிடுவதோடு அது முடிந்துவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இன்னொரு வருத்தமும் உண்டு. சபைத் தேர்தலுக்காகவும் சொத்துக்காகவும் நீதிமன்றத்தில் எதிரெதிரே நிற்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை ஒரே பலிபீடத்தின் முன் முழங்காற்படியிடுகிறார்கள். சகோதரனோடு சகோதரன் வழக்காடுவதைப் பவுல் கண்டிப்பதும் அதே கொரிந்தியர் நிருபத்தில், ஆறாம் அதிகாரத்தில்தான். வழக்காடுகிறவர்களைப் பந்தியிலிருந்து விலக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை; இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசும் முதல் பந்தியில் இருந்தான். திருவிருந்துக்கு முன் பல சபைகளில் ஆயத்த ஆராதனை நடக்கிறது. இரண்டு பாட்டும் ஒரு சிறு பிரசங்கமுமாக அதை முடித்துவிடாமல், பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டுப் போய் முன்பு சகோதரனோடு ஒப்புரவாகு என்ற ஆண்டவருடைய கட்டளைப்படி, பிரிந்து நிற்கும் இரு தரப்பாரையும் ஆயர் பெயர் சொல்லி அழைத்து எதிரெதிரே உட்காரவைத்துப் பேசவிடும் நேரமாக அதை மாற்ற வேண்டும் என்று நம் ஆயர்களையும் சபைக் கமிட்டியாரையும் கேட்டுக்கொள்கிறேன்.